இல்ஃபோர்டில் பிறந்த வேற்றுலகச் சிறுமி

பி.பி.சி.யின் ‘டாக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடரின் முதல் அத்தியாயத்தில், காலப் பயணியான நாயகன் டாக்டர் திரைக்கு வருவதற்குள் கிட்டத்தட்டப் பாதி நேரம் போய்விடுகிறது. அதுவரை கதை முழுவதும் ஒரு பள்ளி மாணவியைச் சுற்றியே நகர்கிறது. பெயர் சூசன் ஃபோர்மன், வயது பதினைந்து. அறிவியலிலும் வரலாற்றிலும் ஆசிரியர்களையே மிஞ்சுகிறாள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சில சாதாரண விஷயங்கள் மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. இவள் எந்த வீட்டுப் பெண் என்று அறிய ஆசிரியர்கள் இருவர் பின்தொடர்ந்து போகிறார்கள். பள்ளியில் கொடுத்த முகவரியில் வீடே இல்லை. ஒரு காயலான் கடை இருக்கிறது. அத்தியாயத்தின் தலைப்பே அவளைப் பற்றியதுதான்: ‘அன் அன்எர்த்லி சைல்ட்’, இந்த மண்ணைச் சேராத குழந்தை.

அந்தச் சூசனாக நடித்த கரோல் ஆன் ஃபோர்ட் இல்ஃபோர்டில் 1940-ல் பிறந்தவர்.

இன்று இல்ஃபோர்ட் என்றால் லண்டன் தமிழருக்கு விளக்கம் தேவையில்லை. 1983-க்குப் பிறகு ஈழத்திலிருந்து வந்த குடும்பங்கள் ஈஸ்ட் ஹாமிலும் மேனர் பார்க்கிலும் ஊன்றி, மெல்ல இல்ஃபோர்டுக்கும் பரவின. கரோல் ஆன் ஃபோர்ட் பிறந்தபோது அந்த ஊர் லண்டனிலேயே சேர்ந்திருக்கவில்லை. எசெக்ஸ் மாவட்டத்தின் நகராட்சியாக இருந்தது. 1965-ல்தான் ரெட்பிரிட்ஜ் பரோவின் பகுதியாக லண்டனுக்குள் வந்தது. உலகம் அந்தப் பெயரை அறிந்தது படச்சுருள் பெட்டிகளில். ஆல்ஃபிரட் ஹார்மன் 1879-ல் கிரான்புரூக் சாலையில் தன் வீட்டின் நிலவறையில் தொடங்கிய ஒளிப்படத் தகடுத் தொழில்தான் பின்னர் இல்ஃபோர்ட் நிறுவனமாக வளர்ந்தது. கருப்பு வெள்ளையில் படம் எடுத்த தலைமுறைக்கு அது ஊர்ப் பெயர் என்பதே பலருக்குத் தெரியாது. நடிகை மேகி ஸ்மித் 1934-ல் பிறந்ததும் இங்கேதான். உலகப் போரின் கடைசி ஆண்டில், 1945 ஜனவரியில், ஜெர்மானிய வி-2 ராக்கெட் ஒன்று விழுந்து ஊரின் ஹிப்போட்ரோம் நாடகக் கொட்டகையைச் சிதைத்தது. விண்வெளிப் பயணத்துக்குப் பிற்பாடு வழிவகுத்த அதே ராக்கெட் நுட்பத்தை இல்ஃபோர்ட் மக்கள் அறிந்தது அப்படித்தான்.

தொடர் பிறந்த கதைக்கு வருவோம். 1962 டிசம்பரில் பி.பி.சி.யின் நாடகப் பிரிவுத் தலைவராகச் சிட்னி நியூமன் பொறுப்பேற்றார். கனடாக்காரர், அதற்கு முன் போட்டி நிறுவனமான ஐ.டி.வி. பக்கம் பெயர் வாங்கியவர். சனிக்கிழமை மாலையில் விளையாட்டு நிகழ்ச்சி முடிவதற்கும் இளைஞர்களுக்கான இசை நிகழ்ச்சி தொடங்குவதற்கும் இடையே பார்வையாளர்கள் கலைந்து போனார்கள். வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்கும்படி அந்த இடைவெளியில் ஒன்று வேண்டியிருந்தது. காலத்தில் முன்னும் பின்னும் போகும் தொடர் ஒன்றை நியூமனும் அவருடைய கதைப் பிரிவினரும் வகுத்தார்கள். கடந்த காலத்துக்குப் போனால் வரலாறு, எதிர்காலத்துக்குப் போனால் அறிவியல் என்று பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டும். அதனால்தான் உடன் செல்பவர்களில் ஒருவர் வரலாற்று ஆசிரியை, மற்றவர் அறிவியல் ஆசிரியர். கண் பிதுங்கிய பூதங்கள் வேண்டவே வேண்டாம் என்பது நியூமன் போட்ட கண்டிப்பான விதி.

தயாரிப்புப் பொறுப்பை வெரிட்டி லாம்பர்ட்டிடம் கொடுத்தார். அவருக்கு வயது 27. அப்போது பி.பி.சி. நாடகப் பிரிவில் வேறு பெண் தயாரிப்பாளரே இல்லை. முதல் கதையை இயக்க வந்தவர் வாரிஸ் ஹுசைன், வயது 24. லக்னோவில் 1938-ல் பிறந்து, 1946-ல் குடும்பத்தோடு இங்கிலாந்து வந்தவர். தாயார் அத்தியா ஹுசைன், ‘சன்லைட் ஆன் எ புரோக்கன் காலம்’ என்ற நாவலால் இந்திய ஆங்கில இலக்கியத்தில் நிலைத்த பெயர். கேம்பிரிட்ஜில் படித்து பி.பி.சி.யில் சேர்ந்த ஹுசைன்தான் அங்கே நாடகம் இயக்கிய முதல் இந்திய வம்சாவளியினர். தளத்தில் சுற்றியிருந்த பலரும் தன்னை எப்படிப் பார்த்தார்கள் என்பதைப் பின்னாளில் அவர் பேட்டிகளில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். ஒரு இளம்பெண்ணும் ஒரு இந்திய இளைஞனும் கட்டளையிட, வயதில் மூத்த தொழில்நுட்பக்காரர்கள் கேட்டு நடக்க வேண்டியிருந்த காலம் அது. இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக நின்றார்கள்.

முதல் கதையை எழுதிய அந்தோணி கோபர்ன் ஆஸ்திரேலியர். டாக்டரின் கால இயந்திரமான டார்டிஸுக்குப் போலீஸ் தொலைபேசிப் பெட்டியின் வடிவைத் தந்தவரும், துணையில்லாத ஒரு சிறுமி கிழவர் ஒருவரோடு சுற்றுவது சரியாகத் தோன்றாது என்று சூசனை டாக்டரின் பேத்தி ஆக்கியவரும் அவர்தான். டாக்டராக 55 வயது வில்லியம் ஹார்ட்னெல். படங்களில் ராணுவ சார்ஜென்ட் வேடங்களையே மீண்டும் மீண்டும் செய்து அலுத்திருந்தவர். ஆசிரியர்களாக ஜாக்குலின் ஹில்லும் வில்லியம் ரஸ்ஸலும். சூசனாக வந்த கரோல் ஆன் ஃபோர்டுக்கு அப்போது 23 வயது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ‘தி டே ஆஃப் தி டிரிஃபிட்ஸ்’ என்ற அறிவியல் புனைகதைப் படத்தில் நடித்திருந்தார்.

படப்பிடிப்பு ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் இருந்த லைம் குரோவ் ஸ்டூடியோவில், ‘டி’ தளத்தில் நடந்தது. பழைய சினிமா ஸ்டூடியோ, இடம் குறுகல். விளக்குச் சூட்டில் தீயணைக்கும் தண்ணீர்க் குழாய்கள் தாமாகவே திறந்துகொள்ளும் அளவுக்கு வெப்பம். கேமராக்கள் காலாவதியானவை. ஒளிநாடாவை வெட்டி ஒட்டுவது அன்று பெரும் செலவு என்பதால், மேடை நாடகம் போலக் காட்சிகளைத் தொடர்ச்சியாக நடித்தே பதிவு செய்தார்கள். ஒரு அத்தியாயத்துக்கு ஒதுக்கிய தொகை சுமார் 2,300 பவுண்டு. பீட்டர் பிராச்சாக்கி வடிவமைத்த டார்டிஸ் உள்ளறை, வட்டங்கள் பதித்த வெள்ளைச் சுவரும் நடுவே ஆறு பக்க இயக்குமேடையுமாக, அந்த வரவு செலவைப் பெரிதாக விழுங்கிவிட்டது. இத்தனை செலவுக்கு நான்கு அத்தியாயத்தோடு நிறுத்திவிடலாம் என்ற பேச்சும் ஒளிபரப்புக்கு முன்பே மேலிடத்தில் எழுந்தது.

ஒலியில் நடந்தது தனி வரலாறு. ஆஸ்திரேலிய இசையமைப்பாளர் ரான் கிரெய்னர் ஒரு தாளில் மெட்டை எழுதிக் கொடுத்தார். மெய்டா வேலில் இருந்த பி.பி.சி. ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்பில் டீலியா டெர்பிஷைர், டிக் மில்ஸின் உதவியோடு, அதற்கு உயிர் கொடுத்தார். சிந்தசைசர் கிடையாது. அலையியற்றிகளின் ஒலியையும் மீட்டிய ஒற்றைக் கம்பியின் ஒலியையும் நாடாவில் பதிந்து, வேகத்தை மாற்றிச் சுருதி கூட்டிக் குறைத்து, ஒவ்வொரு சுரத்தையும் நாடாத் துண்டாக வெட்டி ஒட்டினார்கள். முடிவைக் கேட்ட கிரெய்னர் தன் மெட்டா இது என்று வியந்து, உரிமைத்தொகையில் பாதியை டெர்பிஷைருக்குத் தர முன்வந்தார். ஊழியர் பெயரை வெளியிடுவதில்லை என்ற நிறுவன விதி குறுக்கே நின்றது. டார்டிஸ் கிளம்பும் அந்தக் கரகரப்பு, பிரையன் ஹாட்ஜ்சன் தன் தாயாரின் வீட்டுச் சாவியால் பியானோக் கம்பியை உரசி எடுத்தது.

1963 செப்டம்பர் 27-ல் முதல் பதிவு நடந்தது. டார்டிஸ் கதவுகள் மூட மறுத்தன, பின்னால் சத்தம், நடிகர்கள் தடுமாறினார்கள். ஹார்ட்னெலின் டாக்டர் கடுகடுப்பின் உச்சத்தில் இருந்தார். சூசன் மனிதப் பெண்ணாகவே தோன்றாத அளவுக்கு விநோதமாக இருந்தாள். படத்தைப் பார்த்த நியூமன் லாம்பர்ட்டையும் ஹுசைனையும் கென்சிங்டனில் ஒரு சீன உணவகத்துக்கு அழைத்துப் போனார். உங்கள் இருவரையும் வேலையை விட்டு அனுப்பியிருக்க வேண்டும் என்று சொல்லி, குறைகளை ஒவ்வொன்றாக அடுக்கிவிட்டு, முழுவதையும் மறுபடி எடுக்க அனுமதி கொடுத்தார். தொடர் பிழைத்தது அந்த மேசையில்தான்.

அக்டோபர் 18-ல் மறுபதிவு. டாக்டரிடம் குறும்பு சேர்ந்தது. சூசன் 49-ஆம் நூற்றாண்டில் பிறந்தவள் என்ற வசனம் போய், வேறொரு காலம், வேறொரு உலகம் என்ற பூடகம் வந்தது. இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு கரோல் ஆன் ஃபோர்டின் திறமை புரியும். முதல் பதிவில் அவர் அச்சமூட்டும் அந்நியப் பெண். இரண்டாவதில் எல்லோரையும் போல இருக்க ஆசைப்பட்டு, முடியாமல் தவிக்கும் பெண். டிரான்சிஸ்டரைக் காதோடு வைத்துப் பாட்டுக்குக் கைகளை அசைக்கும் அந்தச் சிறுமியைப் பார்த்து இரக்கம் வருகிறது.

வகுப்பறைக் காட்சி ஒன்றில் பவுண்டு, ஷில்லிங் கணக்கில் சூசன் தடுமாறுகிறாள். பிரிட்டனில் தசம நாணயம்தானே என்று அவள் நினைத்திருந்தாள். வகுப்பே சிரிக்கிறது. அது இன்னும் வரவில்லை என்று தன்னைத் திருத்திக்கொள்கிறாள். ஏழாண்டுக்குப் பிறகு, 1971 பிப்ரவரி 15-ல், பிரிட்டன் தசம நாணயத்துக்கு மாறியது. இலங்கையிலோ 1872 முதலே ரூபாய்க்கு நூறு சதம். இந்தியா 1957-ல் அணாவைக் கைவிட்டு நயா பைசாவுக்கு வந்துவிட்டது. லண்டன் பள்ளிக்கு 1963-ல் யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ ஒரு பிள்ளை போய்ச் சேர்ந்திருந்தால், அதுவும் சூசனைப் போலவே விழித்திருக்கும். வேற்றுலகத்தாள் என்று காட்ட கோபர்ன் எழுதிய அடையாளம், குடியேறிய பிள்ளைகள் எல்லோருக்கும் பொருந்துகிறது.

ஒளிபரப்பு நவம்பர் 23, சனிக்கிழமை மாலை. முந்தைய நாள்தான் அமெரிக்க அதிபர் கென்னடி டல்லாஸில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். செய்தி காரணமாக நிகழ்ச்சி ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தாமதமாயிற்று. சில பகுதிகளில் மின்தடை வேறு. பார்த்தவர்கள் 44 லட்சம் பேர். அடுத்த சனிக்கிழமை இரண்டாம் அத்தியாயத்துக்கு முன்பாக முதல் அத்தியாயத்தை மறுபடி ஒளிபரப்பினார்கள். கூட்டம் 60 லட்சத்தைத் தொட்டது. முதல் கதையில், பயணிகள் கற்கால மனிதர்களிடம் சிக்கும் மற்ற மூன்று பகுதிகள் முதல் பகுதிக்கு ஈடாகவில்லை. டிசம்பர் 21-ல் தொடங்கிய டெர்ரி நேஷனின் அடுத்த கதைதான் தொடரை நிலைநிறுத்தியது. நியூமன் தடுத்த பூதங்கள் டாலெக் என்ற பெயரில் ரேமண்ட் கியூசிக் வரைந்த உலோகக் கூட்டுக்குள் வந்துசேர்ந்தன. அந்தக் கதை முடிவதற்குள் பார்வையாளர்கள் ஒரு கோடியைத் தாண்டினார்கள்.

வெற்றி சூசனுக்கு உதவவில்லை. முதல் அத்தியாயத்தின் மர்மமும் கூர்மையும் மறைந்து, அலறுவதும் கால் சுளுக்கிக்கொள்வதுமாக அவளைக் குறுக்கிவிட்டார்கள். அந்த ஏமாற்றத்தைக் கரோல் ஆன் ஃபோர்ட் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். 1964 டிசம்பர் 26-ல் ஒளிபரப்பான அத்தியாயத்தோடு விலகினார். ஹுசைன் அதற்கு முன்பே ‘மார்கோ போலோ’ கதையின் பெரும்பகுதியை இயக்கிவிட்டுப் போய்விட்டார். ஏழு பகுதிகளும் பி.பி.சி. நாடாக்களை அழித்தபோது தொலைந்தன, ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1965-ல் அவர் ‘எ பாசேஜ் டு இந்தியா’ நாடகத்தைத் தொலைக்காட்சிக்கு எடுத்தார். ஃபார்ஸ்டரின் நாவலை நாடகமாக்கியவர் சென்னையில் பிறந்த சாந்தா ராம ராவ்.

ஆங்கிலேயரின் பெருமைக்குரிய சொத்து என்று பேசப்படும் இந்தத் தொடரை உருவாக்கியவர்கள் ஒரு கனடாக்காரர், இரண்டு ஆஸ்திரேலியர்கள், ஒரு லக்னோக்காரர், ஆண்கள் கோலோச்சிய நிறுவனத்தில் இரண்டு பெண்கள். அவர்களுக்குரிய மரியாதை மிகவும் தாமதமாகவே வந்தது. டெர்பிஷைர் 2001-ல் காலமானார். முகப்பிசைக்காக அவர் பெயர் தொடரின் திரையில் முதன்முறையாக வந்தது 2013-ல். அதே ஆண்டு ‘ஆன் அட்வென்ச்சர் இன் ஸ்பேஸ் அண்ட் டைம்’ என்ற தொலைக்காட்சிப் படம் லாம்பர்ட், ஹுசைன் இருவரின் போராட்டத்தைக் காட்டியது. ஹுசைனாக நடித்தவர் சச்சா தவான். 2025 மே 17-ல் கரோல் ஆன் ஃபோர்ட் 84 வயதில் மறுபடி சூசனாகத் தோன்றினார். அந்த அத்தியாயத்தில் டாக்டராக ருவாண்டாவில் பிறந்த ஷூட்டி கட்வா. அவருடைய பயணத் துணையாகக் கேரளத்தில் பிறந்த வரதா சேது.

60-ஆம் ஆண்டு விழாவுக்காக 2023-ல் பி.பி.சி. தன் ஐபிளேயர் இணையச் சேவையில் அழியாமல் எஞ்சிய பழைய அத்தியாயங்களை ஏற்றியபோது, கதாசிரியரின் வாரிசோடு எழுந்த உரிமைப் பிணக்கால் முதல் கதை மட்டும் இடம்பெறவில்லை. ஆனால் ‘தி பிகினிங்’ என்ற பெயரில் 2006-ல் வெளியான டி.வி.டி. தொகுப்பில் செப்டம்பர் பதிவும் அக்டோபர் பதிவும் சேர்ந்தே இருக்கின்றன. இல்ஃபோர்டில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோர் அதைத் தேடியெடுத்து, இரண்டையும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். சூசன் உங்கள் ஊர்ப் பெண், அவளை இயக்கியவர் லக்னோவிலிருந்து வந்த இளைஞர் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.