சிவகாசி மையில் ஓடிய குதிரைகள்

1975 மார்ச் 31 அன்று அமெரிக்காவில் 'கன்ஸ்மோக்' என்ற கௌபாய் தொலைக்காட்சித் தொடரின் கடைசிப் புதுக் கதை ஒளிபரப்பானது. இருபது வருஷ ஓட்டம், 635 கதைகள். மார்ஷல் மேட் டில்லனாக ஜேம்ஸ் ஆர்னஸ் தொப்பியைக் கழற்றி வைத்து ஐந்தாவது மாதம், ஆகஸ்ட் 15இல்தான் சென்னையில் தொலைக்காட்சி நிலையமே திறந்தார்கள். அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கிருஷ்ணன்கோவிலுக்கு 500 கிலோமீட்டருக்கு மேல். கொடைக்கானல் கோபுரத்தின் புண்ணியத்தில் தென்மாவட்ட வீடுகளில் படம் தெளிவாகத் தெரிய எண்பதுகளின் பிற்பாதி ஆகிவிட்டது. அப்போதும் பெட்டிக்குள் வந்தவை 'ஒலியும் ஒளியும்', 'வயலும் வாழ்வும்', ஞாயிற்றுக்கிழமை மகாபாரதம்.

ஆக, அமெரிக்கத் தாத்தாக்கள் இன்றும் ஏக்கத்தோடு பேசுகிற அந்தத் தொடர்களை ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தில் யாரும் பார்த்து வளரவில்லை. 'லோன் ரேஞ்சர்' கிளேட்டன் மூர், 'பொனான்ஸா'வின் கார்ட்ரைட் குடும்பம், 'ராஹைட்'டில் மீசை சரியாக முளைக்காத கிளின்ட் ஈஸ்ட்வுட் என யாரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ஆனால் இங்கே ஐம்பதைத் தாண்டிய பலருக்கு நவஹோ யார், அபாச்சே யார் என்று தெரியும். வின்செஸ்டர் துப்பாக்கிக்கும் கோல்ட் ரிவால்வருக்கும் வித்தியாசம் தெரியும். இதெல்லாம் எந்த வழியாக வந்தது?

ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிழக்கே இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கும் சிவகாசி வழியாக. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகம் வந்த பிறகு காலண்டர், டைரி, நோட்டு அட்டை என்று எதையாவது அச்சடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மழை பொய்த்த பூமியில் இப்படித்தான் ஒரு தொழில் இன்னொன்றைப் பெற்றது. அந்த வரிசையில் 1972இல் பிறந்தது முத்து காமிக்ஸ். தொடங்கியவர் சௌந்திரபாண்டியன், ஆசிரியராக இருந்து தமிழ் நடையைச் செதுக்கியவர் முல்லை தங்கராசன். முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி', பிரிட்டன் சரக்கு. பின்னால் அமெரிக்காவின் கிங் ஃபீச்சர்ஸ் நிறுவனத்தின் நாயகர்களும் வந்து சேர்ந்தார்கள். வேதாளர், மாண்ட்ரேக், ரிப் கெர்பி ஆகியோருக்குப் பின்னால் குதிரையில் வந்தவர் சிஸ்கோ கிட்.

இந்த சிஸ்கோவின் ஜாதகம் சுவாரசியமானது. ஓ. ஹென்றி 1907இல் எழுதிய சிறுகதையில் அவன் ஈவிரக்கமில்லாத கொலைகாரன். சினிமாவும் வானொலியும் அவனைக் கொஞ்சம் கொஞ்சமாக நல்லவனாக்கின. 1950 முதல் 1956 வரை தொலைக்காட்சியில் டங்கன் ரெனால்டோ அவனாக வந்தபோது, பூவேலை செய்த சட்டையும் சிரித்த முகமுமாக ஊர் ஊராகப் போய் உதவி செய்கிறவனாகியிருந்தான். வண்ணப் பெட்டி அபூர்வமாக இருந்த காலத்திலேயே அந்தத் தொடரை வண்ணத்தில் எடுத்து வைத்தார்கள். தொடர் சூடாக இருந்த 1951இல் அர்ஜென்டினா ஓவியர் ஹோசே லூயிஸ் சலினாஸ் வரைய, சிஸ்கோ செய்தித்தாள் சித்திரத் தொடரானான். அந்தச் சித்திரம்தான் சிவகாசியில் தமிழ் பேசியது. டிவி நாயகன் டிவியே இல்லாத ஊருக்குக் கறுப்பு வெள்ளைக் காகிதமாக வந்து சேர்ந்த கதை இது.

1984இல் சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார்.  மறு வருஷம் 'தலை வாங்கிக் குரங்கு' என்ற தலைப்பில் டெக்ஸ் வில்லர் தமிழில் இறங்கினார். அதற்கப்புறம் சிஸ்கோவை யாரும் அதிகம் தேடவில்லை.

டெக்ஸ் 1948இல் இத்தாலியில் பிறந்தவர். எழுதியவர் ஜியான் லூய்ஜி பொனெல்லி, வரைந்தவர் காலெப்பினி. அமெரிக்கா கண்ட கனவை இத்தாலி மறுபடி கண்டு, அதைச் சிவகாசி மூன்றாம் முறையாகக் கண்டது. நகலின் நகல் என்று மூக்கைச் சுளிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கத் தொடர்களில் செவ்விந்தியர்கள் பெரும்பாலும் சுடப்பட்டுக் குதிரையிலிருந்து விழுவதற்கென்றே வந்தார்கள். டெக்ஸோ நவஹோ தலைவரின் மகள் லிலித்தை மணந்து, பிறகு அந்த மக்களுக்கே தலைவரானவர். அவர்கள் வைத்த பெயர் 'இரவுக் கழுகு'. தமிழ் வாசகர்கள் அதோடு 'ஆர்' விகுதி சேர்த்து 'இரவுக் கழுகார்' ஆக்கி, கூட்டாளி கார்சனின் பட்டப்பெயரையும் 'வெள்ளிமுடியார்' ஆக்கினார்கள். மரியாதைப் பன்மையில் அழைக்கப்படும் கௌபாய்கள் உலகில் வேறெங்கும் இருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

டெக்ஸுக்கு நேர் எதிர் கேப்டன் டைகர். பிரான்சில் 1963இல் சார்லியேவும் ஜிரோவும் படைத்த 'புளூபெர்ரி'தான் இங்கே டைகர். நடிகர் ஜான் பால் பெல்மொண்டோவின் சாயலில் வரைந்த, மூக்கு உடைந்த, குடித்துச் சூதாடி மேலதிகாரியை முறைக்கிற ராணுவக்காரன். டைகரின் 'தங்கக் கல்லறை' படித்தவர்கள் ஒரு கட்சி, டெக்ஸ்தான் 'தல' என்பவர்கள் இன்னொரு கட்சி. சிரிக்க வைக்க லக்கி லூக் தனியாக.

நிலமும் இதற்கெல்லாம் ஒத்துழைத்தது. இங்கே மேற்குத் திசை முழுவதும் மலை, கிழக்கே கரிசல். வெயிலில் கானல் துடிக்கும் பொட்டலில் எங்கு பார்த்தாலும் சீமைக் கருவேலம். அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம்தான். டெக்ஸாஸ் பாலைகளில் கௌபாய்கள் மாடு மேய்த்த மெஸ்கீட் புதருக்கு நெருங்கிய உறவு. படத்தில் இருந்த முள்ளுக்கும் கண்மாய்க் கரையில் காலில் குத்திய முள்ளுக்கும் அதிக தூரமில்லை.

சினிமாவின் பங்கும் உண்டு. மதுரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் விக்டோரியா எட்வர்டு மன்றம் அப்போது பகலில் வாசகசாலையாக இருந்தது. மாலையில் அதே கூடம் ஆங்கிலப் படம் ஓடும் ரீகல் தியேட்டராகிவிடும். கிரிகரி பெக் நடித்த 'மெக்கன்னாஸ் கோல்டு' (1969) தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப வெளியாகி வசூலித்தது. 1971இல் தெலுங்கில் கே.எஸ்.ஆர். தாஸ் இயக்கத்தில் கிருஷ்ணா நடித்த 'மோசகாள்ளகு மோசகாடு' வந்தது. அடுத்த ஆண்டு, முத்து காமிக்ஸ் பிறந்த அதே 1972இல், தமிழில் 'கங்கா', 'ஜக்கம்மா' இரண்டும் வந்தன. இயக்கியவர் ஒளிப்பதிவாளர் கர்ணன், நாயகன் ஜெய்சங்கர்.

கௌபாய் படத்துக்கு 'ஜக்கம்மா' என்று பெயர் வைக்க ஒரு துணிச்சல் வேண்டும். கட்டபொம்மன் கும்பிட்ட தெய்வம், குடுகுடுப்பைக்காரர் விடியற்காலையில் பெயர் சொல்லி வாக்குச் சொல்லும் தெய்வம் அவள். தெக்கத்திச் சனத்துக்கு அந்தத் தலைப்பில் அந்நியமாக எதுவும் இருந்திருக்காது. கர்ணன் குதிரையோட்டத்தைத் தரையோடு தரையாகக் கேமராவை வைத்துப் பிடிப்பார். கதாநாயகிகளின் குளியல் காட்சிகளுக்காகத் திட்டும் வாங்கினார், அது நியாயமான திட்டுதான். ஜெய்சங்கருக்குத் 'தென்னாட்டு ஜேம்ஸ்பாண்ட்' என்ற பட்டம் நிலைத்துவிட்டதால் அவருடைய கௌபாய் வேஷங்களை எழுதுகிறவர்கள் குறைவு. 1975இல் 'எங்க பாட்டன் சொத்து' வரை கர்ணனும் அவரும் அந்தக் குதிரையை விடவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 15இல், சென்னையில் தொலைக்காட்சி தொடங்கிய அதே நாளில், பம்பாயில் 'ஷோலே' வெளியானது.

ஜெய்சங்கருக்குப் பட்ட கடனைத் தீர்த்தவர் இயக்குநர் சிம்புதேவன். 2010இல் வந்த அவருடைய 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' படத்தில் நல்லவர்கள் வாழும் ஊர் ஜெய்சங்கர்புரம். நாசர் ஏற்ற வில்லனுக்குக் கிழக்குக் கட்டை என்று பெயர். ஈஸ்ட்வுட்டை இத்தனை அலட்சியமாகத் தமிழாக்கிய குறும்பு, காமிக்ஸ் படித்து வளர்ந்த கைக்குத்தான் வரும்.

துப்பாக்கிச் சத்தமும் சிவகாசி தந்ததுதான். தீபாவளிக்கு முந்தைய வாரம் தகரத் துப்பாக்கியும், வட்டப் பெட்டியில் பொட்டு வெடியும், சுருள் சுருளாக ரோல் கேப்பும் கடைக்கு வரும். லயனின் தீபாவளி மலரும் அதையொட்டியே வரும், அதில் பெரும்பாலும் டெக்ஸ்தான். புத்தகம், தோட்டா இரண்டும் ஒரே ஊர்ச் சரக்கு.

நடுவில் இதழ்கள் தடுமாறிய காலம் உண்டு. சொன்ன மாதத்தில் புத்தகம் வராது. 2012 ஜனவரியில் 'கம்பேக் ஸ்பெஷல்' வெளியான பிறகு நல்ல தாள், வண்ணம், சந்தா என்று முறை மாறியது. 2015இல் டைகரின் 'மின்னும் மரணம்' தடித்த அட்டையில் முழுத் தொகுப்பாக வந்தது. பையன்களாக இருந்தபோது ஓசியில் வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பித் தராதவர்கள், இப்போது முன்பணம் கட்டிக் காத்திருந்து வாங்கினார்கள். வாங்குகிறவர்களில் காது ஓரம் நரைத்தவர்களே அதிகம். அவர்களுடைய பிள்ளைகளுக்கு 'கன்ஸ்மோக்' முழுத் தொடரும் கைப்பேசியில் கிடைக்கக்கூடும். ஆனால் அப்பாமார் சிவகாசியிலிருந்து வரும் கூரியர் பார்சலை எதிர்பார்த்து இருக்கிறார்கள்.