வட்டத்தின் விளிம்பில் நின்ற நெற்கதிர்

பொத்துவில் வட்டைகளில் பெரும்போக வேளாண்மை முற்றி மஞ்சளிக்கும் நாட்களில், அனுபவமுள்ள போடிமார் ஒரு கதிரை உருவிப் பார்த்தே ஏக்கருக்கு எத்தனை மூடை என்று சொல்லிவிடுவர். அரசாங்கத்துக்கு அந்த வாக்குப் போதாது. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 1950களின் தொடக்கம் முதல் மாதிரி அறுவடை முறையைக் கையாண்டு வருகிறது. குலுக்கல் முறையில் வயல்களைத் தெரிந்து, அவற்றில் சிறு துண்டொன்றை அளந்து வெட்டி, அடித்து, நிறுத்து, அதிலிருந்து மாவட்டத்தின் விளைச்சலைக் கணிப்பதே அம்முறை.

இதன் வேர் வானியலில் இருக்கிறது. ஒரே கோளை நூறு முறை அளந்தால் நூறு விடைகள் வருகின்றன, எதை நம்புவது? 1809இல் ஜெர்மானியரான காவுஸ், அளவைப் பிழைகள் உண்மையின் இருபுறமும் சமமாய்ச் சிதறும் என்ற எடுகோளின் மீது தமது கணக்கைக் கட்டினார். அளவைகளை நான்கு மடங்காக்கினால் சராசரியின் பிழை பாதியாகும். ஆனால் பிழை யாவும் ஒரே பக்கம் சாய்ந்தால் ஆயிரம் அளவைகளும் கைகொடுக்கா.

அந்தச் சாய்வு நெல்வயலில்தான் வெளிப்பட்டது என்பது எனக்கு இன்றும் வியப்பே. 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய மகலனோபிஸ், வங்காளத்தில் சிறு வட்டங்களை வெட்டி விளைச்சலைக் கணித்தார். ஒரே பிரதேசத்துக்கு இரு குழுக்களைத் தனித்தனியே அனுப்பி, விடைகளின் வேறுபாட்டால் பிழையை மதிப்பிட்டது அவருடைய அருமையான யுக்தி. இரு குழுவும் ஒரே தவறைச் செய்தால்? வட்டத்தின் கோட்டில் நிற்கும் பயிரை உள்ளே சேர்ப்பதுதான் வெட்டுபவன் கையின் இயல்பு. 1946இல் சுகாத்மே இதனைச் சுட்டிக்காட்டினார்: துண்டு சிறுத்தால் விளைச்சல் கூடுதலாகத் தோன்றும்.

கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். 2 அடி ஆரமுள்ள வட்டத்தில் அரிவாள் 2 அங்குலம் வெளியே போனால் பரப்பு 17 வீதம் கூடிவிடும். 10 அடி ஆரமாயின் 3 வீதத்துக்குச் சற்று மேல்தான். பயிற்சி பெற்றவர் வெட்டினால் சிறு வட்டமும் போதும் என மகலனோபிஸ் தரப்பு வாதாடியது. என் வாசிப்பில் சுகாத்மே பக்கமே நியாயம் அதிகம். பின்னர் அவர் ஐ.நா. உணவு விவசாய அமைப்பின் புள்ளிவிபரப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். (ஈர நெல்லை உலர்த்தாமல் நிறுப்பதும் இதே பக்கத்துச் சாய்வுதான்.)

விளைச்சலைக் கூட்டிச் சொன்னால் அரிசி இறக்குமதி தாமதிக்கும். ஏழையின் உலை காயும். குறைத்துச் சொன்னால் இறக்குமதி அரிசி அறுவடைக் காலத்திலேயே வந்திறங்கும். களவெட்டியில் நெல்லின் விலை விழும். 2021இல் இரசாயன உரம் தடைசெய்யப்பட்ட பின், விளைச்சல் எவ்வளவு வீழ்ந்தது என்பதே அரசியலாயிற்று. அப்போது நான் வாசித்த செய்திகளில் எந்த இலக்கத்தோடும் அதன் பிழை எல்லை அச்சிடப்பட்டிருக்கவில்லை.