வந்தியத்தேவன் போன வழியில் சேரி எங்கே இருந்தது?

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950இல் தொடராக வரத் தொடங்கியது. 2022லும் 2023லும் படங்களாகவும் வந்தது. வீராணம், உடையார்குடி, பழையாறை, தஞ்சை என்று அந்த நாவலின் தடத்தில் இன்று இளைஞர்கள் பலர் பயணம் போகிறார்கள். நாமும் போக வேண்டும். ஆனால் நாவலோடு கல்வெட்டுகளையும் படித்துவிட்டுப் போக வேண்டும்.

நாவல் வீராணம் ஏரிக்கரையில் தொடங்குகிறது. வீரநாராயணன் என்பது முதலாம் பராந்தகனின் பட்டப்பெயர். ஏரிக்கு அரசனின் பெயர் நிலைத்துவிட்டது. மண் வெட்டிச் சுமந்தவர்கள் யார் என்று ஏரிக்கரையில் எந்தப் பலகையும் சொல்வதில்லை.

பக்கத்தில்தான் உடையார்குடி. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் யார் என்பதை அங்குள்ள கோயில் கல்வெட்டு சொல்கிறது. ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது அது. நாவலில் மந்திரவாதியாக வரும் ரவிதாசன், கல்வெட்டில் 'பிரமாதிராஜன்' பட்டம் பெற்ற பார்ப்பன அதிகாரி. கதைக்கும் கல்லுக்கும் நடுவே எது மாறுகிறது என்று கவனிக்க இது நல்ல பாடம்.

சோழர் அரண்மனை இருந்த பழையாறையில் இன்று கோயில்களைத்தான் பார்க்க முடிகிறது. செங்கல்லும் மரமுமாகக் கட்டிய அரண்மனையே மிஞ்சவில்லை என்றால், உழைத்தவர்களின் மண்குடிசைக்குத் தடயம் தேடி எங்கே போவது?

தடயம் தஞ்சைப் பெரிய கோயில் சுவரிலேயே இருக்கிறது. கோயிலுக்கு ராஜராஜன் கொடுத்த ஊர்களின் பட்டியலில், எந்தெந்த நிலம் வரிக் கணக்கில் சேராது என்று ஊர்வாரியாக வெட்டியிருக்கிறார்கள். ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால் ஆகியவற்றோடு பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி, சுடுகாடு என்ற பெயர்களும் அதில் வருகின்றன. சில ஊர்களில் வெள்ளாளருக்கும் பறையருக்கும் தனித்தனிச் சுடுகாடு. உயிரோடு இருக்கும்போதும் செத்த பிறகும் பிரித்து வைத்த ஊர் அமைப்பை அரசின் கணக்கே ஒப்புக்கொள்கிறது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அதே காலத்தில் 'சேரி' எல்லோருக்கும் பொதுவான சொல். உத்திரமேரூரில் பார்ப்பனர் குடியிருந்த பகுதிகளுக்கும் சேரி என்றுதான் பெயர். பிறகு அவர்கள் வாழ்ந்த இடம் அக்கிரகாரம் ஆயிற்று. சேரி என்ற சொல் மட்டும் நம்மோடு தங்கி இழிவாயிற்று. எனவே ஒரு சொல்லின் இழிவு பிறப்பிலேயே வந்ததல்ல, வரலாற்றில் ஏற்றப்பட்டது.

ராஜராஜன் எங்கள் சாதி என்று இன்று பல சாதிச் சங்கங்கள் போட்டி போடுகின்றன. அந்தப் போட்டியில் நமக்கு இடம் வேண்டாம். அரசனின் வம்சத்தில் பங்கு கேட்பது நம் அரசியல் அல்ல. அவன் கொடுத்த ஊர்களில் நிலம் யாரிடம் இருந்தது, உழைப்பு யாருடையது என்று கேட்பதே நம் அரசியல்.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒருவர் வீராணம் ஏரிப் பக்கத்திலேயே பிறந்தார். காட்டுமன்னார்கோயிலின் எல். இளையபெருமாள் 1952இல் மக்களவைக்குப் போனார். 1965இல் மத்திய அரசு அமைத்த தீண்டாமை ஒழிப்புக் குழுவுக்குத் தலைமை ஏற்று 1969இல் அறிக்கை கொடுத்தார். பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க வேண்டும் என்று அந்த அறிக்கை பரிந்துரைத்தது. அதைத் தொடர்ந்து 1970இல் தமிழ்நாடு சட்டமன்றம் அதற்கான சட்டத்தை நிறைவேற்றியது. நாவலைத் தேடி வரும் பயணிகளில் எத்தனை பேருக்கு இவர் பெயர் தெரியும்?

தோழர்களே, அடுத்த முறை தஞ்சைக்குப் போனால் விமானத்தை அண்ணாந்து பாருங்கள், அதன் அழகு மறுக்க முடியாதது. பிறகு கீழே குனிந்து அடித்தளத்து எழுத்துகளையும் பாருங்கள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் 2ஆம் தொகுதியில் அவை அச்சில் கிடைக்கின்றன. உங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு மாலை அதைச் சத்தமாகப் படியுங்கள்.