கொல்லிமலை: செயற்கைக்கோள் படமும் நிலத்தரவும்

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் உள்ள கொல்லிமலையை வானிலிருந்து எடுத்த படம் மட்டும் காட்டிவிடாது. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் மரக்கவிகை 10 விழுக்காடு இருந்தாலே இந்திய வன அளவை நிறுவனம் அதை வனப்போர்வையாகக் கணக்கிடுகிறது. நிலம் யாருடையது, மரம் எவ்வகை என்று பார்ப்பதில்லை. அதனால் சில்வர் ஓக் நிழலில் மலையாளிப் பழங்குடியினர் வளர்க்கும் காப்பியும் மிளகும் இயற்கைக் காட்டோடு ஒரே பச்சையாகிவிடுகின்றன. அந்நிறுவனம் நெடுங்காலம் பயன்படுத்திய லிஸ்-3 செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளியின் பக்கம் 23.5 மீட்டர், அதாவது அதன் பரப்பு ஏறக்குறைய பதின்மூன்றரை சென்ட். சாமையும் கேழ்வரகும் விளையும் சிறு துண்டு நிலங்களின் வரப்பு அதில் கரைந்துபோகும்.

2015-இல் ஏவப்பட்ட சென்டினல்-2 செயற்கைக்கோளின் படங்கள் 10 மீட்டர் நுணுக்கத்தில் இலவசமாகவே கிடைக்கின்றனவே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மரவள்ளி பரவுவதையும் மரம் வெட்டப்படுவதையும் ஆண்டுவாரியாகக் காண அவை பெருந்துணை. ஆனால் மானாவாரிப் பயிர் நிற்கும் மழை மாதங்களில் மேகம் மலையை மறைக்கிறது. ரேடார் படம் மேகத்தை ஊடுருவினாலும், செங்குத்துச் சரிவுகளில் நிழலும் சிதைவும் விழும். கைபேசியின் ஜிபிஎஸ்ஸுடன் உழவரே வரப்பில் நடந்து பதியும் எல்லைதான் இக்குறையை நிரப்பும். சில மீட்டர் பிழை அதற்கும் உண்டு. வன உரிமைச் சட்டத்தின் 2012 திருத்த விதிகளும் படம் மட்டும் போதாது என்பதையே ஏற்கின்றன: செயற்கைக்கோள் படம் மற்ற சான்றுகளுக்குத் துணையாகலாம், மாற்றாகாது.