எஃபியின் குழந்தையும் இரண்டு விருதுகளும்

1690-ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. ஒரு பெண் தன் கர்ப்பத்தைக் கடைசிவரை மறைத்து, பிரசவ நேரத்திலும் உதவிக்கு ஆள் கூப்பிடாமல் இருந்து, பிறகு குழந்தை இறந்து கிடந்தாலோ காணாமல் போனாலோ, அவள்தான் கொன்றாள் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். கொலையை நிரூபிக்க வேண்டிய வேலையே இல்லை. வாயைத் திறக்காமல் இருந்தாளா, அது போதும். தண்டனை மரணம்.

இந்தச் சட்டத்தை நடுவில் வைத்துத்தான் வால்டர் ஸ்காட் 1818-ல் ‘தி ஹார்ட் ஆஃப் மிட்லோதியன்’ நாவலை எழுதினார். ‘மிட்லோதியனின் இதயம்’ என்பது எடின்பரோவின் பழைய சிறைக்கு மக்கள் வைத்திருந்த பட்டப்பெயர். 1817-ல் அந்தச் சிறையை இடித்தபோது, அதன் கதவை வாங்கிக்கொண்டுபோய்த் தன் வீட்டில் பதித்துக்கொண்டவர் ஸ்காட். அவர் வெறும் நாவலாசிரியர் இல்லை. வழக்கறிஞர், செல்கர்க் பகுதியின் நீதிபதி, எடின்பரோ உயர்நீதிமன்றத்தில் எழுத்தர். நீதிமன்றத்துக்கு உள்ளேயே இருந்துகொண்டு எழுதியவர்.

கதை 1736-ல் தொடங்குகிறது. எஃபி என்ற பெண்மீது இதே சட்டத்தில் வழக்கு. ‘கர்ப்பமாக இருப்பதை என்னிடம் சொன்னாள்’ என்று அக்கா ஜீனி ஒரு வரி சாட்சி சொன்னால் போதும், தங்கை பிழைத்துவிடுவாள். ஆனால் எஃபி சொல்லவில்லை. ஜீனி பொய் சொல்ல மறுக்கிறாள். தீர்ப்பு வந்த பிறகு, லண்டனுக்குப் புறப்பட்டு, பெரும்பாலும் நடந்தே போய், ராணியைப் பார்த்து மன்னிப்பு வாங்கி வருகிறாள். இதில் கொடுமை என்னவென்றால், குழந்தை சாகவே இல்லை. உயிரோடு இருக்கும் குழந்தையைக் கொன்றதாகத்தான் அம்மாவுக்குத் தூக்கு விதித்திருக்கிறார்கள்.

ஜீனிக்கு முன்மாதிரி ஹெலன் வாக்கர் என்ற நிஜப் பெண். தங்கைக்காக லண்டன் வரை நடந்தவள். அவள் கல்லறைக்கு 1831-ல் கல் வைத்ததும் ஸ்காட்தான்.

இன்று ஸ்காட் பெயரில் பிரிட்டனில் வரலாற்று நாவலுக்கு ஒரு விருது இருக்கிறது. கதையின் பெரும்பகுதி குறைந்தது 60 ஆண்டுகளுக்கு முன்னால் நடந்ததாக இருக்க வேண்டும் என்பது விதி. ஸ்காட்டின் முதல் நாவலான ‘வேவர்லி’யின் துணைத்தலைப்பிலிருந்து எடுத்த கணக்கு அது. 2010-ல் முதல் விருது ஹிலரி மாண்டலின் ‘வுல்ஃப் ஹால்’ நாவலுக்கு. அதன் நாயகன் தாமஸ் கிராம்வெல்லும் ஒரு வக்கீல். 2014-ல் விருது வாங்கிய ராபர்ட் ஹாரிஸின் நாவல் பிரான்சின் டிரைஃபஸ் வழக்கைப் பற்றியது. வழக்கும் வரலாற்று நாவலும் அடிக்கடி சந்தித்துக்கொள்வது தற்செயல் இல்லை. சாதாரண மனிதர்களின் வாழ்க்கை ஆவணத்தில் ஏறுவதே பெரும்பாலும் அவர்கள் கூண்டில் ஏறும்போதுதானே?

அமெரிக்காவில் லாங்கம் அறக்கட்டளை இன்னும் ஒருபடி மேலே போகிறது. வரலாற்று நாவலுக்கு ஒரு விருது, பொதுவாசகர் படிக்கக்கூடிய சட்ட வரலாற்று நூலுக்கு இன்னொரு விருது. இரண்டும் எதற்கு என்று கேட்டால், எஃபியின் கதையையே பதிலாகச் சொல்லலாம்.

நாவலை மூடும்போது நமக்கு நிம்மதி. ராணி இரங்கிவிட்டாள், எஃபி பிழைத்துவிட்டாள். ஆனால் மன்னிப்பு கிடைத்தது ஒருத்திக்கு. சட்டம் அப்படியேதான் இருந்தது. நடந்துபோக ஓர் அக்கா இல்லாத பெண்கள் என்ன ஆனார்கள்? அந்தக் கேள்விக்குச் சட்ட வரலாற்றைத்தான் திறக்க வேண்டும். 1809-ல்தான் அந்தச் சட்டம் போனது. கர்ப்பத்தை மறைத்ததற்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறை என்று மாற்றினார்கள். 119 ஆண்டுகள், சும்மா இருந்ததே கொலைக்குச் சாட்சியாக இருந்திருக்கிறது.

அதே சமயம், 1809 என்ற தேதி மட்டும் இருந்தால் அது ஒரு வரித் தகவல், அவ்வளவுதான். சாட்சிக்கூண்டில் நின்று ‘இல்லை, அவள் சொல்லவில்லை’ என்று அக்கா சொல்லும் அந்த நொடியை எந்தச் சட்டப்புத்தகமும் நமக்குத் தராது. அதற்கு நாவல் வேண்டும். ஒன்றைப் படித்து நெஞ்சு கனத்தவர்கள் மற்றதையும் தேடிப் போகட்டும் என்றுதான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டியிருக்கிறது.