வட்டவடைப் பூண்டும் நாய் பிஸ்கட்டும்

மூணாறிலிருந்து மாட்டுப்பெட்டி, டாப் ஸ்டேஷன், பாம்பாடும் சோலை வழியே ஏறத்தாழ 45 கி.மீ. சென்றால் வட்டவடை வரும். ஆட்சி எல்லையால் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்தது. வீட்டிலும் வயலிலும் ஒலிப்பது பெரும்பாலும் தமிழ். ஒரு காலத்தில் கேழ்வரகும் கோதுமையும் விளைந்த அதன் படிக்கட்டு வயல்களில் இன்று காரட், முட்டைக்கோசு, உருளைக்கிழங்கு, வெள்ளைப்பூண்டு ஆகியவை விளைகின்றன. காரமும் எண்ணெய்ச் செறிவும் மிக்க இவ்வட்டாரப் பூண்டு, ‘காந்தளூர் வட்டவடை வெளுத்துள்ளி’ என்னும் பெயரில் புவிசார் குறியீடு பெற்றது.

பூண்டுத்தூளுக்கு அதிகம் பேசப்படாத ஒரு பயன் உண்டு. நாய்களைப் பழக்குவதற்குக் கொடுக்கப்படும் பிஸ்கட்டுகள் சிலவற்றில் அது மணமூட்டியாகச் சேர்க்கப்படுகிறது. ஆனால் பூண்டும் வெங்காயமும் நாய்க்கு ஒவ்வாதவை. அவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை. 2000-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5 கிராம் முழுப்பூண்டுக்கு நிகரான சாற்றை ஏழு நாள் நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தனர். நாய்கள் இறக்கவில்லை, எனினும் சிவப்பணுக்களில் சேதம் தெளிவாகத் தெரிந்தது. பூண்டை நாய்க்குக் கொடுக்காதிருப்பதே நல்லது என்று அவர்கள் முடிவுக்கு வந்தனர். பிஸ்கட்டில் சேரும் பூண்டுத்தூளின் அளவு இதைவிட மிகக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் அது நாயின் உடலுக்குத் தேவை என்பதற்காகச் சேர்க்கப்படுவதில்லை. வாங்குவோரின் மூக்குக்கும் நாக்குக்கும் அது பழகிய மணம். நாயின் தின்பண்டத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதை நாய் அல்லாதவர்களே முடிவு செய்துவந்த நீண்ட வரலாற்றில் இது ஒரு சிறு பகுதி.

அவ்வரலாறு தொடங்கும் காலத்தில் நாய்க்கெனத் தனி உணவு இருக்கவில்லை. தமிழ்ச் சொற்களே இதற்குச் சான்று. மாட்டுக்குத் தீவனம், கோழிக்குத் தீனி, குதிரைக்குக் கொள்ளு என்று விலங்குக்கேற்ற சொல் உண்டு. நாய்க்கு வைப்பதோ சோறு, கஞ்சி, கூழ். மனிதர் உண்பவற்றின் பெயர்களே அவை. தனியாக அதற்கு உரியது எலும்புத் துண்டு ஒன்றுதான்; அதுவும் மனிதர் தின்று எஞ்சியது. நகரத்துத் தேநீர்க் கடையில் ஒருவர் பொறை வாங்கித் தெருநாய்க்குப் பிய்த்துப் போடும்போதும் தொடர்வது இந்தப் பழைய வழக்கமே. வட்டவடை மலைக்குக் கீழே, கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள கோம்பையின் பெயரைத் தாங்கிய நாய்களும், இராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களும் தானியக் கூழையும் சோற்றையும் உண்டு, வேட்டைக்குப் போன நாளில் இறைச்சியில் பங்கு பெற்று வளர்ந்தவை.

இது வெறும் ஏழ்மையின் ஏற்பாடு அன்று. 2013-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் ஓநாயின் மரபணுத் தொகுதியையும் நாயின் மரபணுத் தொகுதியையும் ஒப்பிட்டனர். மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேசு நொதிக்கான மரபணு ஓநாயில் இரண்டு படிகளே இருக்க, நாயில் பல மடங்கு பெருகியிருந்தது. மனிதரின் தானியத்தை உண்டு வாழ்ந்த விலங்கு, தன் உடலையே அதற்கேற்ப மாற்றிக்கொண்டது. ஆகவே ‘நாய் இறைச்சி மட்டுமே தின்னும் விலங்கு, தானியம் அதற்கு நஞ்சு’ என்று இன்று பரப்பப்படும் கருத்து வரலாற்றோடு பொருந்தவில்லை. அதேபோல, கூழ் மட்டும் போதும் என்பதும் உண்மையன்று. கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு; புரதமோ ஏறத்தாழ 7 கிராம்தான். வேட்டையில் கிடைத்த பங்கு அந்தக் குறையை ஈடு செய்தது. வேட்டை நின்ற பிறகும் கூழ் மட்டும் தொடர்ந்த வீடுகளில் நாய் மெலிந்தது.

வீட்டு உணவிலிருந்து நாயின் உணவு பிரிந்தது 1860-களின் லண்டனில். அமெரிக்காவிலிருந்து வந்த ஜேம்ஸ் ஸ்பிராட் என்னும் வணிகர், கப்பல்களில் பயன்பட்ட கெட்டி பிஸ்கட்டை முன்மாதிரியாகக் கொண்டு, கோதுமை, காய்கறி, பீட்ரூட், உலர்ந்த இறைச்சி ஆகியவற்றைச் சேர்த்துச் செய்த நாய் பிஸ்கட்டை விற்கத் தொடங்கினார். அந்த இறைச்சி எந்த விலங்கின் எந்தப் பகுதி என்பதை அவர் இரகசியமாகவே வைத்திருந்தார். அந்நிறுவனத்தில் பணியாற்றிய சார்லஸ் கிராப்ட் 1891-இல் தொடங்கிய நாய்க் கண்காட்சி இன்றும் அவர் பெயரால் நடைபெறுகிறது. நாய்க்கெனத் தனி உணவு, அதற்கெனத் தனி விளம்பரம், அதற்குள் என்ன இருக்கிறது என்பதில் ஒரு மறைப்பு ஆகிய மூன்றும் ஒரே காலத்தில் பிறந்தன.

வணிகம் மறைத்ததை அறிவியல் வேறொரு வழியில் திறந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மனிதரின் ஊட்டக்குறை நோய்களை ஆராய்ந்தவர்கள் நாயைச் சோதனை விலங்காகக் கொண்டனர். எட்வர்டு மெல்லன்பி, ஓட்ஸ் கஞ்சி போன்ற தானிய உணவு கொடுத்து வளர்த்த நாய்க்குட்டிகளுக்கு என்புருக்கி நோய் உண்டாவதையும், மீன் எண்ணெய் அதைத் தடுப்பதையும் 1919 வாக்கில் காட்டினார். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் மக்காச்சோளத்தையே பெரிதும் நம்பி வாழ்ந்த மக்களுக்குப் பெலாக்ரா வந்தது. அதே உணவை உண்ட நாய்களுக்கு நாக்குக் கறுக்கும் நோய் வந்தது. இரண்டும் ஒரே குறையின் இரு முகங்கள் என்பது ஜோசப் கோல்ட்பெர்கரின் ஆய்வுகளால் புலப்பட்டது. 1937-இல் கான்ராடு எல்வெஜெம், நிகோடினிக் அமிலம் கொடுத்து நாயின் கருநாக்கு நோயைக் குணப்படுத்தினார். மனிதருக்கான மருந்து நாயின் வாயில்தான் முதலில் தெரிந்தது.

இந்த ஆய்வுப் போக்குக்குத் தென்னிந்தியாவிலும் ஒரு தொடர்ச்சி உண்டு. குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் 1918-இல் தொடங்கிய ஆய்வுப் பணி பின்னர் ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம் பெயர்ந்தது; இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுவே. சேலத்தில் பிறந்த மருத்துவ அறிஞர் சி. கோபாலன் அங்கு ஒரு புதிரை எதிர்கொண்டார். பெலாக்ரா மக்காச்சோளம் உண்போரின் நோய் என்று உலகம் கருதியிருக்க, தக்காணத்தில் சோளம் உண்ட ஏழை உழவர்களுக்கும் அது வந்தது. சோளத்தில் மிகுந்துள்ள லூசின் என்னும் அமினோ அமிலமே காரணம் என்று அவரும் எஸ். ஜி. ஸ்ரீகாந்தியாவும் 1960-இல் கருதினர். அக்கருத்தைச் சோதிக்கக் கோபாலனும் அவருடைய குழுவினரும் நாய்க்குட்டிகளின் உணவில் லூசினைக் கூட்டிப் பார்த்தபோது, அவற்றுக்குக் கருநாக்கு நோய் உண்டாயிற்று. லூசின் விளக்கம் பின்னாளில் விவாதத்துக்கு உள்ளானது. எனினும் சோளத்தட்டில் என்ன குறை என்ற கேள்விக்கு விடை தேடிய அறிவியல் நாயின் தட்டு வழியாகவே சென்றது என்பது மாறவில்லை.

நாய் உணவில் ‘பயிற்சித் தின்பண்டம்’ என்ற தனி வகை உருவானதற்கு உளவியலும் ஒரு காரணம். 1951-இல் பி. எஃப். ஸ்கின்னர் ஒரு பொது அறிவியல் இதழில், நாய் சரியாகச் செய்த நொடியிலேயே ஓர் ஒலியை எழுப்பி உடனே சிறு உணவுத் துண்டைக் கொடுத்தால் அது விரைவில் கற்கும் என்று விளக்கினார். அடிக்கும் கைக்குப் பதிலாகக் கொடுக்கும் கை வந்தது நாய்க்குப் பெரும் விடுதலை. ஆனால் அதன் விளைவாக ஒரு நாளில் ஒன்றிரண்டு அல்ல, முப்பது நாற்பது துண்டுகள் நாயின் வயிற்றுக்குள் போகத் தொடங்கின. ஒவ்வொன்றும் சிறிது என்பதால் எவரும் எண்ணுவதில்லை.

எண்ணிப் பார்ப்பது கடினமன்று. பத்துக் கிலோ எடையுள்ள, வளர்ந்த, இயல்பான நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கிலோகலோரி தேவை. தின்பண்டங்களின் பங்கு அதில் பத்தில் ஒன்றை மீறலாகாது என்பது கால்நடை மருத்துவர்கள் பரவலாகச் சொல்லும் வரம்பு. அதாவது 60 கிலோகலோரி. மனிதர் தேநீரில் தோய்த்துண்ணும் ஐந்து கிராம் இனிப்பு பிஸ்கட் ஒன்றில் 20 கிலோகலோரிக்கு மேல் உண்டு. மூன்று பிஸ்கட்டில் அந்த நாளின் வரம்பு முடிந்துவிடும். அதே ஐந்து கிராம் எடையுள்ள காரட் துண்டில் இருப்பது இரண்டு கிலோகலோரி. முப்பது துண்டு கொடுத்தாலும் வரம்புக்குள் நிற்கும்.

பொட்டலத்தின் பின்புற எழுத்துகளைப் படிப்பதற்கும் சில நெறிகள் உண்டு. மூலப்பொருள்கள் எடை வரிசையில் எழுதப்படுவது பல நாடுகளின் வழக்கம். முதலில் ‘கோழி இறைச்சி’ என்றிருந்தால் அந்த எடையில் பெரும்பகுதி நீர். உலர்த்திய பின் அது பின்னுக்குப் போய்விடும். மாவை அரிசி மாவு, கோதுமை மாவு, ஸ்டார்ச் என்று மூன்றாகப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் சிறிதாகத் தோன்றும். கூட்டினால் அதுவே முதலிடம் பெறலாம். புரத விழுக்காட்டை ஈரப்பதம் நீக்கிய பின்னரே ஒப்பிட வேண்டும். 30 விழுக்காடு ஈரமுள்ள மென்துண்டில் 20 விழுக்காடு புரதம் என்றால், உலர்நிலையில் அது 28-க்கு மேல். 10 விழுக்காடு ஈரமுள்ள பிஸ்கட்டில் 22 விழுக்காடு என்பது உலர்நிலையில் 24-தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ‘கச்சாப் புரதம்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு வேதியியல் வரலாறு இருக்கிறது. 1883-இல் ஜோஹான் கெல்டால் வகுத்த முறை புரதத்தை நேரடியாக அளப்பதில்லை, நைட்ரஜனை அளக்கிறது. அதை 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுவது மரபு. நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று அம்முறை கேட்பதில்லை. 2007-இல் வட அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து இறந்தபோது, சீனாவிலிருந்து வந்த கோதுமைக் குளூட்டனில் மெலமின் கலந்திருந்தது தெரியவந்தது. நைட்ரஜன் மிக்க மெலமின், காகிதத்தில் புரதத்தை உயர்த்திக் காட்டியது. அடுத்த ஆண்டு அதே மெலமின் சீனக் குழந்தைகளின் பால்மாவில் வெளிப்பட்டது. ஏறத்தாழ மூன்று இலட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர், ஆறு குழந்தைகள் இறந்தனர். நாயின் தட்டு ஓராண்டுக்கு முன்பே எச்சரித்திருந்தது.

பயிற்சித் தின்பண்டங்களாக விற்கப்பட்ட உலர் இறைச்சிப் பட்டைகளைப் பற்றியும் அதே 2007 முதல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்துக்குப் புகார்கள் குவிந்தன. 2015 முடிவுக்குள் 6,200-க்கும் மேற்பட்ட நாய்கள் நோயுற்றதாகவும், 1,140-க்கும் மேற்பட்டவை இறந்ததாகவும் பதிவாயிற்று. நீண்ட ஆய்வுக்குப் பின்னும் உறுதியான ஒற்றைக் காரணம் கிடைக்கவில்லை.

இந்தியாவில் மனிதர் உண்ணும் பிஸ்கட்டுக்குப் பொருந்தும் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், ‘உணவு’ என்பதன் வரையறையிலிருந்து விலங்குத் தீவனத்தை வெளிப்படையாக விலக்குகிறது. சோறு என்றும் கஞ்சி என்றும் தன் உணவின் பெயரையே நாய்க்கும் தந்த மொழி ஒருபுறம். நாய் உண்பது உணவே அன்று என்னும் சட்டம் மறுபுறம். ஒரே கடையில் அடுத்தடுத்த அடுக்குகளில் இருக்கும் இரண்டு பொட்டலங்களில் ஒன்றைப் படித்துப் பார்க்கச் சட்டம் இருக்கிறது. மற்றொன்றைப் படிக்க வேண்டியவர் நாயின் உரிமையாளரே. நாய்க்குப் படிக்கத் தெரியாது. கொடுக்கும் கையை அது நம்புகிறது. பயிற்சியின் அடிப்படையே அந்த நம்பிக்கைதான்.

வட்டவடையின் வயல்களில் இதற்கான விடையின் ஒரு பகுதி விளைகிறது. அங்கே பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளில் வளரும் பூண்டும் காரட்டும் மனிதருக்கு ஒரே குழம்பில் சேர்பவை. நாய்க்கு ஒன்று விலக்கு, மற்றொன்று நல்ல பரிசு. நறுக்கிய காரட், உப்பில்லாமல் வேகவைத்த கோழித் துண்டு, வெந்த முட்டையில் சிறிது ஆகியவற்றின் மூலப்பொருள் பட்டியல் ஒரு வரியில் முடிந்துவிடும். அந்த வரியில் மறைக்க எதுவும் இருக்காது.