நல்ல மெட்டு எது? நாட்டுப்பண் சொல்லும் வரலாறு



"இது நல்ல பாட்டு, அது ஒன்றுமில்லை" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எதனால் நல்லது என்று கேட்டால் சட்டென்று பதில் வருவதில்லை. இந்தக் கேள்விக்கு ஒரு நாடே பதில் தேடிய வரலாறு நம் மண்ணில் உண்டு.

மலாயா சுதந்திரம் பெறவிருந்த நேரம். கொடி இருந்தது; நாட்டுப்பண் இல்லை. உலகம் முழுவதற்கும் போட்டி அறிவித்தார்கள். 514 மெட்டுகள் வந்து குவிந்தன. ஒன்றுகூடத் தேறவில்லை! பிறகு பேர்பெற்ற மேதைகளை நாடினார்கள். பெஞ்சமின் பிரிட்டன், வில்லியம் வால்டன், கியான் கார்லோ மெனோட்டி, சிங்கப்பூரின் சுபிர் சாயிட் ஆகியோர் இசையமைத்து அனுப்பினார்கள். அவையும் மனத்தில் ஒட்டவில்லை.

கடைசியில் துங்கு அப்துல் ரஹ்மான் தலைமையிலான குழு, 1957 ஆகஸ்டு 5-ஆம் நாள், பேராக் மாநிலப் பண்ணின் மெட்டைத் தேர்ந்தெடுத்தது. சொற்கள் மட்டும் புதிதாக எழுதப்பட்டன. அதுவே 'நெகாராகூ'.

அந்த மெட்டின் கதை சுவையானது. 1875-இல் பேராக்கில் ஆங்கிலேய அதிகாரி பர்ச் கொல்லப்பட்டார். அதையொட்டி சுல்தான் அப்துல்லா 1877-இல் சீஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். அந்தத் தீவிலிருந்துதான் இந்த மெட்டு வந்தது என்று வழிவழியாகச் சொல்வார்கள். பேராக்கில் அது அரச பண்ணாக ஒலித்தது. அதே மெட்டு 'தெராங் பூலான்' என்ற பெயரில் பங்சவான் நாடக மேடையிலும் கெரொஞ்சோங் இசையிலும் ஊரெல்லாம் சுற்றியது.

"அட, கூத்து மேடையில் பாடியதா நாட்டுப்பண்?" என்று கேட்கலாம். யோசித்துப் பாருங்கள். போட்டிக்கு வந்தவை தாளில் எழுதிய மெட்டுகள். இதுவோ ஏற்கெனவே மக்கள் வாயில் இருந்த மெட்டு. சங்கீதம் படிக்காதவனும் ஒருமுறை கேட்டால் கூடச் சேர்ந்து பாடிவிடுவான். இந்த மண்ணின் வாசனை அதில் இருந்ததால்தான் குழுவினர் அதைத் தேர்ந்தார்கள்.

ஆனால், நாலு பேர் வாயில் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. நடையும் முக்கியம். நிலாவைப் பாடும்போது குழைந்து வந்த அதே மெட்டு, நாட்டைப் பாடும்போது நிமிர்ந்து நின்றது. 1992-இல் நெகாராகூவின் வேகத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். 2003-இல் மீண்டும் பழைய நடைக்கே கொண்டுவந்தார்கள். சுரம் மாறாவிட்டாலும் நடை மாறினால் பாட்டின் முகமே மாறிப்போகும்.

சுபிர் சாயிட் கதையையும் கேளுங்கள். சுமத்ராவில் பிறந்து 1928-இல் சிங்கப்பூருக்கு வந்தவர். மலாயாவுக்காக அவர் எழுதிய மெட்டு ஏற்கப்படவில்லை. அவர் சோர்ந்துவிடவில்லை. 1958-இல் சிங்கப்பூர் நகர மன்றத்துக்காக 'மஜூலா சிங்கப்பூரா'வை இயற்றினார். 1959-இல் அது சிங்கப்பூரின் பண்ணாக ஏற்கப்பட்டு, 1965-இல் சுதந்திர நாட்டின் கீதமாயிற்று. 2001-இல் அதன் சுருதியைச் சற்றுத் தாழ்த்தினார்கள். எல்லோர் தொண்டைக்கும் எட்டினால்தானே அது எல்லோருடைய பாட்டு!

ஆக, நல்ல மெட்டுக்கு மூன்று குணங்கள் வேண்டும். பாடுகிறவர் குரலுக்கு எட்ட வேண்டும். சொல்லும் பொருளுக்கேற்ற நடை வேண்டும். பாடப்படும் இடத்துக்குப் பொருந்த வேண்டும். பெரிய பேரும் பெரிய படிப்பும் மட்டும் இதைத் தந்துவிடாது.

நம்ம தோட்டத்து லயங்களில் பாடிய தாலாட்டுக்கும் காவடிச் சிந்துக்கும் இது பொருந்தும். அவையும் வாய்வழியே வந்தவைதாம். பாடுகிற வாய் மூடினால் மெட்டும் மறைந்துபோகும். பெற்றோர்களே, பாட்டிமார்களே, தெரிந்ததைப் பிள்ளைகளுக்குப் பாடிக் காட்டுங்கள். மாணவச் செல்வங்களே, சபைகூடலில் நாட்டுப்பண் ஒலிக்கும்போது உதட்டை மட்டும் அசைக்காமல் வாய் திறந்து பாடுங்கள். 514 மெட்டுகளை வென்ற மெட்டு அது!